அண்ணன் சட்டை

கல்யாணமான ஒன்பதாம் ஆண்டு மனைவியின் பெயருக்கு விருப்பச் சோதனைக் கடிதம் வந்துவிடும். கிருபாகரன் வீட்டுக்குச் செவ்வாய்க்கிழமை வந்தது. புதன்கிழமை அவன் தலைக்குக் குளித்து, புது சென்ட் அடித்துக்கொண்டு, மனைவி செங்கமலத்தோடு அலுவலகத்துக்குப் போனான்.

கூடத்தின் இருபுறமும் கண்ணாடி அறைகள். ஒன்றில் கணவன் உட்கார வேண்டும். மற்றதில் இன்னொருவர். பத்து நிமிடத்தில் மனைவி எந்த அறையில் அதிக நேரம் இருக்கிறாளோ, அங்கே இருப்பவர் அவளோடு வீட்டுக்குப் போகலாம். எலிகளுக்காகக் கட்டிய அறைகள். கிருபாகரன் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்தான். எலிகள் இதுவரை குறை சொன்னதில்லை என்றார் அதிகாரி.

எதிர் அறை நாற்காலியில் அவனுடைய அண்ணனின் வெள்ளைச் சட்டை உட்கார்ந்திருந்தது. உள்ளே யாரும் இல்லை.

பெண் பார்க்கப் போன அன்று அவன் இரவல் வாங்கிப் போட்ட சட்டை. பூச்சி அரிக்காமல் பீரோவில் போடும் ரசகற்பூர உருண்டையின் வாசனை அதிலிருந்து இன்னும் போகவில்லை.

அன்றைக்குப் பெண் கேசரி சாப்பிட்டாளா என்று அதிகாரி கேட்டார். அடுக்களையில் யாருக்கும் தெரியாமல் மூன்று கரண்டி சாப்பிட்டதையும், நான்காவது வாயில் இருக்கும்போதே தன்னைக் கூடத்துக்கு அழைத்துவந்துவிட்டதையும் செங்கமலம் ஒப்புக்கொண்டாள்.

"அவ்வளவுதான் சார். இனிப்பு சாப்பிட்டா மூளையில டோபமின் சுரக்கும். அந்த நேரம் மூக்குல எது ஏறுதோ அதுதான் புருஷன். எலிக்கும் இதேதான்."

"ஒன்பது வருஷம் குடும்பம் நடத்தினது நான்."

"அதுக்குப் படிவத்துல இடம் இல்லையே சார்."

மணி அடித்தது. செங்கமலம் முதலில் அவனிடம்தான் வந்தாள். தும்மினாள்.

"என்னங்க இது, சலூன் மாதிரி?"

எதிர் அறைக்குப் போனாள். சட்டையின் கையை மடித்துவிட்டாள். மீதி நேரம் முழுக்கப் பால்காரரைப் பற்றிப் பேசினாள். சட்டை குறுக்கே பேசவில்லை. அந்த ஒரு விஷயத்தில் கிருபாகரனால் போட்டியிட முடியாது.

அதிகாரி முத்திரை குத்தினார். அவனிடம் ஒரு ஹேங்கரை நீட்டி, தோள் அளவு சரியாக இருக்கும் என்றார். அலுவலக பீரோவில் ஏற்கெனவே பதினொரு கணவர்கள் தொங்கினார்கள். நகர்ந்து இடம் கொடுத்தார்கள்.

கதவு மூடும்முன் செங்கமலத்தின் குரல் கேட்டது. சட்டையைக் கடிந்துகொண்டிருந்தாள்.

"காலரெல்லாம் அழுக்கு. வீட்டுக்குப் போனதும் முதல் வேலையா சோப்புப் போட்டுத் துவைக்கணும்."

சோப்புக்கு ரசகற்பூரம் நிற்காது. சாயங்காலத்துக்குள் கூப்பிட்டுவிடுவாள் என்று கிருபாகரன் பக்கத்தில் தொங்கியவரிடம் சொன்னான்.

"எங்க வீட்டம்மாவும் துவைக்கிறேன்னுதான் சொன்னாங்க," என்றார் அவர். "நாலு வருஷமாச்சு."

கிருபாகரன் சற்று யோசித்தான். பிறகு, மூலையில் கிடந்த ரசகற்பூர உருண்டைகளின் பக்கமாகத் திரும்பித் தொங்கினான்.