குசினிக்கு வெள்ளை டைல்ஸ்

ஜீவராணியின் குசினியில் ஒருவர் நின்று சமைத்தால் இன்னொருவர் வெளியே நிற்க வேண்டும். போன பொங்கலுக்குக் கொழும்பிலிருந்து வந்த மருமகள் நிலக்ஷியின் புதுச் சேலையில் சுவர்க்கரி அப்பிக்கொண்டது.  அன்று மாலையே மகன் நிரஞ்சன் அவளைக் கூட்டிக்கொண்டு போய் ஹட்டன் டவுனில் ரூம் எடுத்துத் தங்கிவிட்டான். பெற்ற வயிறு எரியாமல் என்ன செய்யும்?

இந்தப் பொங்கலுக்கு அவர்கள் தேயிலைத் தோட்டத்து இந்த லயத்து வீட்டிலேயே தங்க வேண்டும். ஜீவராணிக்கு அது ஒன்றுதான் வேண்டும்.

"சுண்ணாம்பு அடிச்சா போதாதா?" என்றார் புருஷன் அழகுமுத்து.

"ஆமா, அதுவும் சேலையில ஒட்டட்டும்! பெயிண்டு புகைக்கு நிக்காது. டைல்ஸ்தான். வெள்ளை டைல்ஸ்."

"லயத்துக் குசினிக்கு வந்த வாழ்வப் பாரு!"

மேசன் வேலைக்குக் கணேசமூர்த்தி பாஸ் வந்தார். டைல்ஸ் பிடிக்க வேண்டுமென்று பழைய பூச்சைச் சுரண்டினார். பொங்கலுக்குப் பொங்கல் ஜீவராணியே மண்ணும் சாணியும் குழைத்துப் பூசியது. ஒவ்வொரு முறையும் நடுவில் ஓர் இடம் மட்டும் கூடுதலாக மண் தின்னும். பாழாய்ப்போன சுவர் என்று திட்டிக்கொண்டே அப்பிவிடுவாள். அந்த இடம்தான் இப்போது பொலபொலவென்று உதிர்ந்தது. கூரையிலிருந்து தரைவரை வெடிப்பு. பாஸ் உள்ளே விட்ட கை முழங்கைவரை போனது, வெளியே எடுத்தபோது விரலெல்லாம் ஈரச்சேறு. சுவருக்குப் பின்னால் தேயிலை மலை.

"மலை தள்ளுது தங்கச்சி. இதுல என்னா போட்டாலும் நிக்காது. தோட்டத்து ஆபீஸ்ல சொல்லிருங்க."

சொன்னால்? மேட்டு லயத்துக்காரர்கள் சொன்னார்கள், அன்றைக்கே ஆபீஸ்காரர்கள் அவர்களை வெளியேற்றினார்கள். போன மழைக்குக் கூடாரத்துக்குப் போன சனம் இன்னும் அங்கேதான் கிடக்கிறது. புது வீடு இதோ அதோ என்று ஐயாமார் வந்து போனதுதான் மிச்சம்.

பாஸ் சாமானைக் கட்டிக்கொண்டு போனார்.   ஜீவராணி போனை எடுத்தாள்.

"தம்பி, இந்தப் பொங்கலுக்கு வராதீங்கப்பா. சுவத்து வேலை முடியல."

"சரிம்மா, அடுத்த வருசம் பாப்போம்," என்றான் நிரஞ்சன். குரலில் ஒரு நிம்மதி இருந்தது. அது அவளுக்கு நன்றாகவே கேட்டது.

போனை வைத்துவிட்டு, வெளியே போய் வாளி நிறைய மண் அள்ளி வந்தாள்.

"இனி என்னாத்துக்குடி மண்ணு?" என்றார் அழகுமுத்து.

"நாம இங்கதான படுக்கணும். காத்து வருமில்ல," என்றாள் ஜீவராணி. தண்ணீரை ஊற்றிப் பிசையத் தொடங்கினாள்.