காசிநாதன் வண்டியின் நான்கு வாய்கள்

வடக்கனந்தல் காசிநாதனுக்கு எடை கிடையாது. கரும்பு லாரியோடு எடைமேடையில் ஏறி நின்றாலும் இறங்கி நின்றாலும் எண் மாறாது. பிறவியில் அப்படியில்லை. கள்ளக்குறிச்சி மாவட்டமான வருஷம், விழா மேடையில் தனக்கு நாற்காலி போடுவார்கள் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்தான். போடவில்லை. அன்றிலிருந்து ஆள் இளைக்காமலே எடை மட்டும் குறைந்துகொண்டு வந்தது. ஆடிக் காற்றில் சட்டைப்பையில் கூழாங்கல் போட்டுக்கொண்டுதான் வெளியே வருவான். ஊர் இதற்கு ஆச்சரியப்படவில்லை. வாயைத் திறந்தால் பீற்றல், கேட்டவனுக்குத் தண்ணீர்கூடத் தராத கை. இந்த ஆளிடம் எடை வேறு இருக்குமாக்கும் என்று விட்டுவிட்டார்கள்.

மெக்கானிக் பூமாலைக்கு அவனைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். புதுச்சேரியில் யாரோ கழித்துவிட்ட அமெரிக்கக் கார் ஒன்றை வாங்கிவந்து, கச்சிராயபாளையம் ரோட்டிலிருந்த பூமாலையின் பட்டறையில் நிறுத்திவிட்டு உயிரை எடுத்தான். காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்கு ஊட்டும் அதன் கார்பரேட்டருக்கு நான்கு வாய். ஆக்சிலேட்டரை மிதித்தால் முன்னிரண்டு திறக்கும். பின்னிரண்டும் கால் சொல்வதைக் கேட்காது. எஞ்சின் பாரம் இழுத்து மூச்சுவாங்கும்போது, அந்த உறிஞ்சலில் ஒரு ரப்பர்ச் சவ்வு இழுபட்டு, ஸ்பிரிங்கை மீறித் தானாகத் திறக்கும். அப்போது எழும் உறுமல் உளுந்தூர்பேட்டை வரை கேட்கும் என்று விற்றவன் அளந்துவிட்டிருந்தான். அந்த உறுமல் ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டால் ஊர் தன்னை ஆளாக மதிக்கும் என்று காசிநாதன் நம்பினான். வேறு நினைப்பே அவனுக்கு இல்லை.

தினமும் பஸ் ஸ்டாண்டு முன்னால் வண்டியை நியூட்ரலில் நிறுத்தி முறுக்குவான். ஷேர் ஆட்டோக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். பின்வாய்களை இழுக்கும் கம்பியில் பூமாலை ஒரு பேப்பர் கிளிப்பை மாட்டிவைத்திருந்தான். திறந்தால் கிளிப் நகர்ந்திருக்கும். நகரவேயில்லை. ஸ்பிரிங் கெட்டி என்று காசிநாதன் கத்தினான். மெலிசானதைப் போட்டார்கள், அதைவிட மெலிசானதையும் போட்டார்கள். சத்தம் கேட்கட்டும் என்று ஏர் ஃபில்டரைக் கழற்றினான், ஜனம் பார்க்கட்டும் என்று பானெட்டையும் கழற்றினான். கல்வராயன் மலை ஏற்றத்திலும் தனியாக ஓட்டிப் பார்த்தான். அவன் உட்கார்ந்ததும் அவன் வியாதி வண்டிக்கும் தொற்றி, டயர் தரையில் பட்டும் படாமலும் போனது.

"நின்னுகினு முறுக்குனா இன்னா ஆவும்? அதுக்குப் பாரம் வோணுங்க. நாலு பேர ஏத்துங்க" என்றான் பூமாலை.

"கண்டவங்கள ஏத்துனா சீட்டு நாறிப்பூடும்."

ஐப்பசி மழையில் ஒருநாள் சாயங்காலம் மலைக்குப் போகும் பஸ் வரவில்லை. மக்காச்சோளம் உடைக்க இறங்கியிருந்த வெள்ளிமலைப் பெண்கள் அடிவாரத்தில் மூட்டைகளோடு நனைந்துகொண்டு நின்றார்கள். வண்டியைச் சோதித்துப் பார்க்கக் காசிநாதனோடு வந்திருந்த பூமாலை, யாரையும் கேட்காமல் கதவைத் திறந்துவிட்டான். காசிநாதன் நெடுநேரம் யோசித்தான். உறுமல் ஆசைதான் ஜெயித்தது. ஆனாலும் யூரியா சாக்குகளைச் சீட்டில் விரித்த பிறகே அவர்களை உட்காரச் சொன்னான். பூமாலைக்குக் காறித் துப்பவேண்டும்போல் இருந்தது.

செங்குத்தான திருப்பத்தில் எஞ்சின் திணறியது. பிறகு பின்னிரண்டு வாய்களும் ஒரேயடியாகத் திறந்தன. மரங்களிலிருந்த குரங்குகள் கீழே குதித்து ஓடின. காசிநாதன் சிரித்தான், கண்ணில் தண்ணீர்கூட வந்தது. வாய் திறந்ததைக் கண்ணால் பார்க்க ஸ்டியரிங்கை விட்டு ஜன்னல் வழியாக எட்டினான். அந்த உறிஞ்சலில் முதலில் அவன் தோள்துண்டு உள்ளே போனது. அடுத்து, எடை இல்லாததால், அவனும் போனான். மட்கார்டைத் தாண்டி வாய்க்குள் தலை நுழைந்தது, வேட்டி நுனி கடைசியாக உள்ளே போனது. பக்கத்துச் சீட்டிலிருந்த பூமாலை ஸ்டியரிங்கைப் பிடித்து, காலை நீட்டி ஆக்சிலேட்டரை விடாமல் மிதித்தான். ஏற்றத்தில் காலை எடுத்தால் எஞ்சின் இருமும்.

"ஆளு எங்கப்பா?" என்று கேட்டாள் பின்சீட்டுப் பெண்களில் ஒருத்தியான சின்னப்பொண்ணு.

"உள்ளாறப் பூட்டாரு."

"அப்போ வழியில கரியாலூர்ல நிறுத்துவியா?"

காசிநாதன் மனைவி தேவிப்ரியா மறுநாள் வந்து சைலன்சரில் காது வைத்துக் கேட்டாள். அவர்தான் என்றாள். அழுதாள், உண்மையாகவே அழுதாள். அவனுக்காக அழுதது அவள் ஒருத்திதான். அப்புறம் வண்டியை ஷேர் வண்டியாக ஓட்டும்படி பூமாலையிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

இப்போதும் பூமாலை ஓட்டுகிறான். வண்டி காலியாக இறங்கும்போது காசிநாதனிடம் பேச்சில்லை. ஆள் நிரம்பி மலை ஏறினால் உறுமுகிறான். அவன் எதிரில் வந்தபோது உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையாத ஜனம், அந்தச் சத்தம் கேட்டதும் மூட்டையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு எழுந்து நிற்கிறது.