டோராவின் முன் பீரங்கி

என் தம்பி அருட்செல்வனுக்கு ஒரு வியாதி உண்டு. படகைப் பற்றி யாராவது பிழையாகச் சொன்னால் அவனால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது. பருத்தித்துறை முனையில் பிறந்த எல்லோருக்கும் இது கொஞ்சம் இருக்கும். இவனுக்கு முற்றிவிட்டது.

1994 மார்ச்சில் சுவிஸின் கூர் நகரத்தில் அவனுடைய அகதி விசாரணை. அதிகாரி நம்பாவிட்டால் கொழும்புக்கு விமானம் ஏற்றிவிடுவார்கள். நான் டாவோஸில் ஒரு ஹோட்டலின் சலவை அறையில் பகல் முழுக்கத் துணி மடித்துவிட்டு வந்து, இரண்டு வாரம் அவனை இருத்திப் பாடம் சொல்லிக்கொடுத்தேன். ஐம்பது கேள்விகள். மீன்பிடிக்கப் போனோம், நேவி சுட்டது, உயிருக்குப் பயந்து வந்தேன். அவ்வளவுதான். நேவிப் படகைப் பற்றிக் கேட்டால் தெரியாது என்று சொல், அளவுக்குமீறித் தெரிந்தால் இயக்கத்தில் பயிற்சி எடுத்தவன் என்று எழுதிவிடுவார்கள் என்று நூறு தடவை படித்துப் படித்துச் சொன்னேன். தலையை ஆட்டினான். அந்தத் தலையாட்டலை நம்பினேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும்.

துணைக்கு ஒருவர் இருக்கலாம் என்பதால், அக்கா என்று நானும் உள்ளே போனேன். மொழிபெயர்ப்பாளர் சிவானந்தராசா மேசையின் ஓரத்தில் கழுத்துப்பட்டியோடு இருந்தார். அரை மணித்தியாலம் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. பிறகு அதிகாரி, உங்களைச் சுட்டது ஒரு பீரங்கி பூட்டிய மரப்படகா என்று கேட்டார்.

மரப்படகா? என் தம்பியின் முகம் போன போக்கைப் பார்த்ததுமே நான் கதிரையை அவன் பக்கம் இழுத்தேன்.

அது டோரா, நேவியின் வேகப் படகு என்றான். மரமில்லை, அலுமினியம் என்றான். பீரங்கி ஒன்றில்லை, முன்னுக்கும் பின்னுக்கும் இரண்டு என்றான். இருபது மீற்றர் நீளம், இரண்டு டீசல் எஞ்சின், வேகம் எடுத்தால் மூக்கு எழும்பும் என்றான். மேசைக்குக் கீழே அவன் காலை மிதித்தேன். காலை இழுத்துக்கொண்டு, கடதாசி கேட்டு வாங்கிப் படம் வேறு கீறினான். முன் பீரங்கியை எவ்வளவு தூரம் கீழே பதிக்கலாம் என்பதற்கு ஒரு கோடு. எனக்கு அந்தப் பேனையைப் பிடுங்கி எறியலாம் போலிருந்தது.

அதிகாரி படத்தைப் பார்த்தார். இதையெல்லாம் யார் பழக்கியது என்று கேட்டார். வேறொரு தாளில் ஏதோ எழுதி, அதன் கீழே இரண்டு முறை கோடிட்டார். முடிந்தது கதை என்று நினைத்தேன்.

"ஒருத்தரும் பழக்கேல்லை," என்றான் தம்பி. "தொண்ணூற்றியோராம் ஆண்டு ஐப்பசி. டோரா சுத்தி வந்து எங்களுக்குக் கிட்ட நிண்டது. நான் ஓடாமல் அதின்ரை பக்கத்தோடை ஒட்டினன். அவ்வளவு கிட்ட இருந்தால் பீரங்கியைப் பதிக்க ஏலாது. பிறகு அது வரமாட்டாத, தண்ணி குறைஞ்ச கல்லுப்பாருக்குள்ளை ஓடிட்டம். எங்களோடை வந்த மற்றப் படகு பயந்து விலத்தி ஓடினது. நேரை பீரங்கிக்கு முன்னாலை போச்சு."

பிறகு எழுதியதையெல்லாம் சிவானந்தராசா தமிழில் திருப்பி வாசித்தார். ஒவ்வொரு பக்கத்துக்கும் கையெழுத்து. திருத்தம் இருந்தால் சொல்லலாம். இவனுக்கா இருக்காது? இரண்டாம் பக்கத்தில் பதினெட்டு மீற்றர் என்றிருந்ததை இருபதாக்கினான். மூன்றாம் பக்கத்தில் எஞ்சினைத் திருத்தினான். கடைசிப் பக்கம் வந்தபோது இதிலாவது பேசாமல் கையெழுத்து வைக்க வேண்டுமே என்று முனியப்பருக்கு நேர்ந்தேன்.

"இதிலை மற்றப் படகு எண்டு மட்டும் கிடக்கு," என்றான். "அதிலை எங்கடை பெரியண்ணை ஜெகதீஸ்வரன் இருந்தவர். பேரையும் எழுதச் சொல்லுங்கோ."

பெரியண்ணன் தொண்ணூற்றியொன்று ஐப்பசியில் காய்ச்சலில் செத்துப்போனான். அப்படித்தான் அம்மா எனக்குக் கடிதம் எழுதியிருந்தா. இந்தக் குளிரில் தனியே இருந்து, இரண்டரை வருடமாக அந்தக் காய்ச்சலுக்குத்தான் அழுதுகொண்டிருந்தேன்.

அதிகாரிக்குப் பெயர் பிடிபடவில்லை. நான்தான் ஜெர்மன் எழுத்துகளில் ஒவ்வொன்றாகச் சொன்னேன். யார் அது என்று அதிகாரி கேட்டார். என் அண்ணன் என்றேன். கோடிட்ட தாளை எடுத்துக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு நாலாக மடித்து, கோப்பில் சேர்க்காமல் சட்டைப் பையில் வைத்தார். ஆறு மாதம் கழித்து, தம்பி தங்கலாம் என்று கடிதம் வந்தது. அந்தப் பெயர்தான் காரணமா என்று எனக்குத் தெரியாது.

அன்று திரும்பி வரும்போது ரயில் லாண்ட்குவார்ட் நிலையத்தைத் தாண்டும்வரைதான் பொறுத்தேன். பிறகு, ஏனடா எனக்குச் சொல்லவில்லை என்று பெட்டியே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். அம்மா சொல்ல வேண்டாம் என்றவவாம். அக்கா அங்கே தனியே இருக்கிறாள், தாங்கமாட்டாள் என்றவவாம்.

"நீயும் அம்பது கேள்வி கேட்டனி, அக்கா," என்றான், கண்ணாடிக்கு வெளியே பனியைப் பார்த்தபடி. "அண்ணையைப் பற்றி ஒண்டும் கேக்கேல்லை."

டாவோஸ் வரும்வரை அண்ணனைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தேன்.