வகிடு

"மூச்சைப் பிடிக்காத. விடு" என்றான் ராய்ஸ்.

ஷேன் விட்டான். சங்கிலியை அவன் இடுப்பைச் சுற்றி இழுத்துப் பூட்டிய ராய்ஸ், உள்ளே விரலை நுழைத்துப் பார்த்தான். வயிற்றை உப்பிக்கொண்டு நிற்பதும் பூட்டியதும் சுருக்கிக்கொள்வதும் கவுண்டி ஜெயிலில் எல்லாக் கைதியும் செய்து பார்க்கிற வேலைதான். தம்பி என்றால் மட்டும் செய்யாமல் இருப்பானா என்ன. பிறகு சங்கிலியின் முன்வளையத்தில் கோத்திருந்த விலங்குகளில் அவன் கைகளை ஒவ்வொன்றாக மாட்டினான். இனி அந்தக் கைகள் தொப்புளைத் தாண்டி மேலே வராது.

"இறுக்கமா இருக்கா?"

"இல்ல ஆபீசர்."

ஜெயிலுக்குள் அண்ணன் தம்பி கிடையாது என்பது இருவரும் வாய்விட்டுப் பேசாமலே செய்துகொண்ட ஏற்பாடு. மருந்துக்கடை ஜன்னலை உடைத்ததற்காக ஷேனைக் கொண்டுவந்த முதல் நாளே அவன் ஆரம்பித்துவைத்தது. கவுண்டி என்கிற அந்தச் சின்ன மலை மாவட்டத்தில் யார் யாருக்கு என்ன உறவு என்று தெரியாத ஆள் கிடையாது. இருந்தும் ஷேன் வாயிலிருந்து ஆபீசர் என்பதைத் தவிர வேறு சொல் வந்ததில்லை. முந்தின நாள் கம்பிக்கு வெளியே நின்று, அப்பா போய்ட்டார் என்று ராய்ஸ் சொன்னபோதும், "சரி ஆபீசர்" என்றுதான் சொன்னான்.

வெளிவாசலில் ஷெரிஃப் காப்பிக் கோப்பையோடு நின்றிருந்தார். ஷேனைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டார். பிறகு ராய்ஸின் முழங்கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப் போனார்.

"வேற யாரையாவது அனுப்பியிருப்பேன். நிலக்கரி லாரி கவுந்ததுல மத்த டெபுடிங்க ரெண்டு பேரும் ரோட்டுல நிக்கறாங்க. சொந்தக்காரனையே காவலுக்கு அனுப்பக்கூடாதுங்கறது எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும்."

"தெரியும்ங்க."

"அப்பா முகத்தைப் போய்ப் பார்க்கட்டும், கும்பிடட்டும், திரும்பிக் கூட்டிட்டு வந்துடு. குடும்பத்து ஆளுங்க அப்புறம் வரட்டும். சங்கிலி மட்டும் கழறக்கூடாது. டெல்பர்ட் கதை ஞாபகம் இருக்கில்ல?"

டெல்பர்ட் கதை யாருக்குத்தான் ஞாபகம் இல்லை. தாயின் சவத்தைப் பார்க்க வந்த கைதி ஒருவன் முகம் கழுவ வேண்டும் என்று அழுதானாம். காவலுக்குப் போன டெபுடி டெல்பர்ட்டும் மனசு இளகி விலங்கைக் கழற்றிவிட்டான். கைதி கழிவறை ஜன்னல் வழியே போனவன் போனவன்தான். டெல்பர்ட் இப்போது பொருட்காட்சி மைதானத்தில் புல் வெட்டுகிறான். ராய்ஸின் மனைவி ஷீலாவுக்குச் சிறுநீரகம் பழுது. அவளுடைய மருந்தும் ஊசியும் இந்த உத்தியோகத்தின் காப்பீட்டில்தான் ஓடுகின்றன. புல் வெட்டுகிறவனுக்குக் காப்பீடு கிடையாது.

காரின் பின்கதவைத் திறந்து, ஷேனின் தலையில் கை வைத்து, மேலே இடிக்காமல் அழுத்தி உட்காரவைத்தான். எல்லாக் கைதிக்கும் செய்வதுதான்.

வண்டி ஓடை ஓரமாக வளைந்து இறங்கியது. ராய்ஸுக்கு நேற்றிலிருந்து எதுவும் தோன்றவில்லை. அப்பாவின் மூச்சு நின்றபோது அவன் கட்டில் பக்கத்தில்தான் இருந்தான். ஆக்சிஜன் இயந்திரம் மட்டும் ஓடிக்கொண்டிருக்க, அவன் அப்பாவின் கழுத்தில் இரண்டு விரலை வைத்துப் பார்த்தான், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான், சட்டைப் பையில் பேனாவைத் தேடினான். அம்மா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "நீ இப்ப டியூட்டில இல்லடா" என்றாள். பேனாவைத் தேடிய கையை எங்கே வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. சொந்த அப்பன் செத்ததற்கு அழுகை வராத ஆள் எப்படிப்பட்ட ஆள் என்று நினைக்கக் கொஞ்சம் பயமாக இருந்தது. அந்தப் பயம்கூட யாருடையதோ போலத்தான் இருந்தது.

"அண்ணே" என்றான் ஷேன், கம்பி வலைக்குப் பின்னாலிருந்து. ஜெயில் கண்ணுக்கு மறைந்துவிட்டது.

"ம்."

"ஹோபர்ட்தான் அப்பாவுக்கு அலங்காரம் பண்றாரா?"

"வேற யாரு இருக்கா இங்க?"

"மேக்சின் அத்தைக்கு லிப்ஸ்டிக் போட்டு விட்டவர் ஆச்சே. உயிரோட இருந்தப்ப அதத் தொட்டிருந்தா அத்தைய சபையவிட்டே தள்ளி வச்சிருப்பாங்க. ஆளையே மாத்திடுவாரு அவரு."

"சும்மா வா."

ஹோபர்ட்டின் ஈமக்கூடம் வங்கிக்குப் பின்தெருவில் இருந்தது. பக்கவாட்டுக் கதவு செங்கல் முட்டுக்கொடுத்துத் திறந்துகிடந்தது. அதன் எதிரே பூக்கடை வேன் ஒன்று, ஆளில்லாமல், இன்ஜின் ஓடிக்கொண்டே நின்றது. டெபுடியாக இருந்து இருந்து ராய்ஸுக்கு எங்கே போனாலும் முதலில் கண்ணில் படுவது கதவுகள்தான். வேனைப் பார்த்தான். ஷேனும் பார்த்ததைப் பார்த்தான்.

ஹோபர்ட் கறுப்புக் கோட்டில் வந்து ராய்ஸின் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஷேனின் கை இடுப்பில் இருந்ததால் குனிந்து அதையும் பிடித்துக் குலுக்கினார். அவரைப் பற்றி என்ன சொன்னாலும் மரியாதை தெரிந்த மனிதர்.

உள் அறையில் பெட்டி திறந்திருந்தது. ஷேன் சங்கிலி குலுங்க நடந்து போய் அதன் அருகில் நின்றான். உள்ளே எட்டிப் பார்த்தான்.

"யாருங்க இது?" என்றான் கடைசியில்.

அப்பா ஆர்வில் ஸ்லோன் நீலக் கோட்டில் படுத்திருந்தார். நாற்பது வருஷம் சுரங்கத்தில் கரியள்ளிய மனிதர். அவருடைய வெள்ளை முடியை இடதுபக்கம் ஸ்கேல் வைத்தாற்போல் வகிடெடுத்து, காதுகளை மூடி வழித்து, ஸ்ப்ரே அடித்து நிறுத்தியிருந்தார் ஹோபர்ட். உயிரோடு இருந்த காலம் முழுக்க அவர் எண்ணெய் வைத்துத் தலையைப் பின்னால் வாரியவர். நெற்றி முழுசாகத் தெரியும். அதில் கல் விழுந்த தழும்பும் தெரியும்.

"உங்கம்மா குடுத்த போட்டோவப் பார்த்துத்தான் பண்ணேன்" என்றார் ஹோபர்ட், சங்கடத்துடன். "பட்டாளத்துல எடுத்ததாம். முகம் நல்லா விழுந்த போட்டோ அது ஒண்ணுதான் இருந்ததுன்னு சொன்னாங்க."

"பேங்க் மேனேஜர் மாதிரி இருக்காரு" என்றான் ஷேன். "கடன் கேட்டா அடுத்த வாரம் வாங்கம்பாரு போல."

சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. கையைத் தூக்கினான். சங்கிலி இழுத்துப் பிடித்தது. குனிந்து பார்த்தான். முகம் போன அளவுக்குக் கை போகவில்லை. விரல்கள் பெட்டியின் விளிம்பிலேயே நின்றன.

"அண்ணே, நீ கொஞ்சம் பின்னால வாரி விடு."

ராய்ஸ் பையிலிருந்த சீப்பை எடுத்தான். அப்பாவின் தலையை அவன் இதுவரை தொட்டதே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. முடி விறைப்பாக இருந்தது. வார வார மறுபடி இடதுபக்கமே சாய்ந்தது.

"அப்படி வாரினா படியாது. தண்ணி வேணும். காது மேல பாரு, எவ்வளவு வளர்ந்துடுச்சு. யாருமே வெட்டலயா?"

"அம்மா பார்பரைக் கூப்பிடறேன்னாங்க. அப்பா வேணாம்னுட்டார்."

"ஏன்?"

ராய்ஸ் சீப்பை மறுபடி அழுத்தி இழுத்தான். ஷேன் முன்னொரு தடவை மாநிலச் சிறையில் இருந்தபோது முடிவெட்டக் கற்றுக்கொண்டு வந்தான். அதற்குப்பிறகு அப்பா வேறு யாரிடமும் தலையைக் கொடுத்ததில்லை. பர்ஸைத் தலையணை உறைக்குள்ளும் வலிமாத்திரைகளை மாவு டப்பாவிலும் ஒளித்துவைப்பார். பிறகு அதே மகன் முன்னால் சமையலறை நாற்காலியில், கழுத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடி உட்காருவார். ரம்பத்தையும் செம்புக் கம்பியையும் திருடி விற்ற பயலிடம் கத்திரியைக் கொடுத்துக் கழுத்தைக் காட்டுகிறாரே என்று அம்மா திட்டுவாள். கழுத்தைத் திருடி என்ன விலைக்கு விற்பான் என்று கேட்பார்.

"ஏன்னு கேட்டேன்" என்றான் ஷேன்.

"நீ வரட்டும்னார். கடைசி நாள்கூடக் கேட்டார். நாளைக்குக் கூட்டிட்டு வரேன்னு சொல்லியிருந்தேன். ஜட்ஜ் கையெழுத்துப் போடல."

ஷேன் தலையை ஆட்டினான். கண்கள் சிவந்துபோயின. துடைத்துக்கொள்ளவும் கை எட்டாது. தோளை உயர்த்திக் கன்னத்தைத் தேய்த்துக்கொண்டான்.

ராய்ஸ் சிறிது நேரம் சீப்பையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஹோபர்ட், கத்திரி இருக்கா?"

ஹோபர்ட் சங்கிலியைப் பார்த்தார், ராய்ஸைப் பார்த்தார். உள்ளே போய் ஒரு கத்திரியைக் கொண்டுவந்து பெட்டியின் விளிம்பில் வைத்தார். "முன் ரூம்ல நாற்காலி போடணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சாவி சின்னது. ராய்ஸ் அதை எத்தனையோ ஆயிரம் தடவை திருப்பியிருக்கிறான். வலதுகையை மட்டும் விடுவித்தான். ஷேன் அந்தக் கையை நம்பாதவன்போலப் பார்த்தான். பிறகு கத்திரியை எடுத்தான்.

முடி வெட்ட இரண்டு கை வேண்டும். ஒன்று சீப்புக்கு, ஒன்று கத்திரிக்கு. சீப்பு ராய்ஸிடம் இருந்தது. பூச்சாடியிலிருந்து தண்ணீர் எடுத்துத் தலையை நனைத்தார்கள்.

"காதுக்கு மேல தூக்கிப் பிடி. கீழ இறக்கு. இன்னும் கீழ. நிறுத்து. உனக்கு நேரா எதையும் பிடிக்கவே வராதாண்ணே?"

"வெட்டுடா."

கத்திரி சன்னமாகச் சத்தம் போட்டது. ஈர முடி வெள்ளை வெள்ளையாக விழுந்தது. தோளில் மாட்டியிருந்த ரேடியோ கரகரத்தது. ஜெயில் மேசையிலிருந்து டோனா.

"ராய்ஸ், நிலைமை சொல்லு. கைதி பத்திரமா?"

ஷேன் நிமிர்ந்து பார்த்தான். கத்திரி நடுவானில் நின்றது. ராய்ஸ் தோளுக்குக் குனிந்து பொத்தானை அழுத்தினான். பதினெட்டு வருஷத்தில் அவன் ரேடியோவில் பொய் சொன்னதில்லை.

"பத்திரமா இருக்கான்" என்றான்.

ரேடியோ அடங்கியது. ஷேன் இன்னும் இரண்டு மூன்று வெட்டு வெட்டினான்.

"அண்ணே, உன் துப்பாக்கி என் முழங்கைல இடிக்குது. அந்தப் பக்கமா போய் நில்லு."

ராய்ஸ் தன் இடுப்பைப் பார்த்தான். துப்பாக்கிக்கும் ஷேனின் கைக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை. பெட்டியைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனான். போன பிறகுதான் உறைத்தது. இப்போது இருவருக்கும் நடுவில் அப்பா கிடந்தார். ஷேனுக்கும் பக்கவாட்டுக் கதவுக்கும் நடுவில் யாருமில்லை. வெளியே வேன் உறுமிக்கொண்டிருந்தது. ஷேனும் திரும்பிப் பார்த்தான். திறந்த கதவை, செங்கல்லை, வேனை. கத்திரி கையில் இருந்தது.

ராய்ஸ் நகரவில்லை. நகர வேண்டும் என்றும் தோன்றவில்லை. ஷீலாவை நினைத்தான், டெல்பர்ட்டை நினைத்தான். சீப்பு அப்பாவின் காதுமேல் அப்படியே இருந்தது.

"எவனோ வண்டிய ஆஃப் பண்ணாமப் போயிருக்கான்" என்றான் ஷேன். குரலைத் தடிப்பாக்கிக்கொண்டு, இருமி, "பெட்ரோல் உங்கப்பன் வீட்டுக் கிணத்துலயா ஊறுது?" என்றான்.

அச்சு அசல் அப்பா. ராய்ஸுக்கு நெஞ்சில் எங்கேயோ ஒன்று அசைந்தது, பிறகு நின்றுவிட்டது.

ஷேன் திரும்பினான். "சீப்பை இப்பிடிக் கொடு." கத்திரியைப் பூட்டிய இடதுகைக்கு மாற்றிவிட்டுச் சீப்பை வாங்கி, அவனே நெற்றியிலிருந்து நேராகப் பின்னால் வாரினான். ஒருதடவை, இன்னொருதடவை. வகிடு போயிற்று. தழும்பு வெளியே வந்தது. பேங்க் மேனேஜர் எழுந்து போய்விட்டார், ஆர்வில் ஸ்லோன் படுத்திருந்தார். புறங்கையால் அவர் கன்னத்தில் ஒட்டிய முடிகளைத் தட்டிவிட்டான் ஷேன். அந்தக் கை அங்கேயே கொஞ்சநேரம் இருந்தது.

பிறகு கத்திரியைப் பிடி ராய்ஸ் பக்கம் வரும்படி வைத்தான். சுற்றி வந்து அவன் முன்னால் நின்று மணிக்கட்டை நீட்டினான்.

"பூட்டுங்க ஆபீசர்."

வெளியே போய்வந்த கைதியைச் சோதித்துத்தான் உள்ளே விட வேண்டும். ஜெயிலின் சின்ன அறையில் ராய்ஸ் தம்பியின் பைகளைத் திருப்பிப் பார்த்தான், செருப்பைக் கழற்றச் சொன்னான், வாயைத் திறக்கச் சொன்னான். ஷேன் திறந்தான். அவனுடைய ஆரஞ்சுச் சட்டையின் கைகளில் பொடிப்பொடியாக வெள்ளை முடி. ராய்ஸ் உள்ளங்கையால் மேலிருந்து கீழே தடவி எடுத்தான். முழுசாகப் போனதா என்று இன்னொருமுறை தடவினான்.

"ஏதாவது இருந்துச்சா?" என்று கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கேட்டாள் டோனா.

"ஒண்ணும் இல்ல."

அவள் பொத்தானை அழுத்தினாள். உள்கதவு திறந்தது. ஷேன் உள்ளே போனான், திரும்பிப் பார்க்கவில்லை.

"ராய்ஸ்" என்றாள் டோனா. "உன் சட்டையில என்ன அது, வெள்ளையா?"

அவன் குனிந்து பார்த்தான். கறுப்புச் சீருடை. முழங்கை வரை ஒட்டியிருந்தது.

"பூனை முடி."

ஷீலாவுக்குப் பூனை என்றாலே தும்மல் வரும் என்பது டோனாவுக்குத் தெரியும். அவள் ஷீலாவின் சித்தி மகள். கண்ணாடிக்குப் பின்னால் அவள் கொஞ்சநேரம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாயங்காலம் நானும் வரேன்" என்றாள். "பீன்ஸ் சமைச்சு எடுத்துட்டு வரேன். உங்கம்மா ஒண்ணும் பண்ண வேணாம்னு சொல்லு."

"சொல்றேன்."

லாக்கர் அறையில் சவ ஊர்வலத்துக்கான கோட்டு தொங்கிக்கொண்டிருந்தது. ராய்ஸ் சீருடைச் சட்டையைக் கழற்றினான். அழுக்குத் துணிக் கூடைக்குப் போன கை நின்றது. சட்டையை பெஞ்சில் விரித்து, கைகள் இரண்டையும் உட்புறமாக மடித்து, முடி கொட்டாமல் மெதுவாக எடுத்து மேல்தட்டில் வைத்தான். லாக்கரைப் பூட்டினான். பூட்டை ஒருதடவை இழுத்துப் பார்த்தான்.