அணைக்காத வரைக்கும்

கமலாட்சிக்குத் தன் கையையே வெட்டிப் போடலாம் போலிருந்தது. அலுவிகாரையில் மிளகு வாங்கி ஏற்றுமதி செய்யும் ஸ்டோரில் கொம்பியூட்டர் அவள் பொறுப்பு. எந்த மூட்டையை யார் எத்தனை மணிக்கு எடை போட்டார்கள் என்று எடைப் புரோகிராம் ஒரு லொக் ஃபைலில் எழுதிக்கொண்டே இருக்கும். எழுதி எழுதி டிஸ்க் நிரம்பிவிட்டது. திங்கட்கிழமை அந்த ஃபைலை அழித்துத் தொலைத்தாள்.

செவ்வாய் காலை அவள் தம்பி கணபதியைச் சோதனைச் சாவடியில் பிடித்துக்கொண்டு போனார்கள். போன வெள்ளிக்கிழமை தம்புள்ளையில் சந்தேகக்காரர்களோடு அவனைக் கண்டதாக எவனோ சொல்லிவிட்டானாம். அந்த வெள்ளி முழுக்க அவன் ஸ்டோரில் மூட்டை எடை போட்டுக்கொண்டிருந்தான். கூட நின்றவர்கள் சொன்னால் எடுபடுமா? தமிழனுக்குத் தமிழன் சாட்சி சொல்லி எவன் தப்பினான் அந்தக் காலத்தில்! அவன் பெயரும் நேரமும் இருந்தது லொக்கில் மட்டும்தான்.

ஆனால் ஒன்று அவளை உறுத்தியது. அவ்வளவு பெரிய ஃபைலை அழித்தும் டிஸ்கில் கடுகளவு இடம்கூடத் திரும்பவில்லை. அப்போதுதான் படித்தது ஞாபகம் வந்தது. யுனிக்ஸில் ஃபைலின் பெயரை அழித்தாலும், ஓடுகிற புரோகிராம் அதைப் பிடித்திருக்கும் வரை உள்ளே இருப்பது அழியாது. புரோகிராம் நின்றால்தான் போகும். தேடித் திறந்தாள். வெள்ளி காலையிலிருந்து மாலைவரை திரை நிறையக் கணபதி. வாய்விட்டு அழுதாள்.

பிரதி எடுக்க டிஸ்கில் இடமில்லை. தாளில் அடித்தால் செல்லாது, முழு ஃபைலும் வேண்டும் என்றார் சட்டத்தரணி. டவுனில் கொம்பியூட்டர் கடை வைத்திருந்த ஜைனுதீனுக்குப் போன் போட்டாள்.

“காலையில வாங்க தங்கச்சி, தனி டிஸ்க் ஒண்டு தாரேன்.”

‘அணைக்க வேண்டாம்’ என்று அட்டையில் எழுதித் திரையில் தொங்கவிட்டாள். ஏன் என்று எழுதவில்லை. யார் காதுக்குப் போகுமோ என்ற பயம்.

மறுநாள் டிஸ்கை வாங்கிக்கொண்டு அவள் வந்த பஸ்ஸைச் சாவடியில் மறித்தார்கள். எல்லோரையும் இறக்கி, அவள் டிஸ்கைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் விட்டார்கள். ஸ்டோருக்குள் நுழைந்ததும் சாம்பிராணி வாசம் முகத்தில் அடித்தது. ஆயுத பூசை! தம்பி நினைப்பில் அதை அடியோடு மறந்திருந்தாள். தராசு, சாக்கு தைக்கும் ஊசி, தள்ளுவண்டி, எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். கொம்பியூட்டருக்கும்தான். திரை இருண்டு கிடந்தது.

ஸ்டோர் கீப்பர் அழகையா தட்டோடு வந்தார்.

“வா புள்ள. அட்டையப் பாத்தேன். ஆனா ஆயுதத்துக்கு இன்னிக்கி ஒருநா ஓய்வு குடுக்கணுமில்ல? ஓடுற மிஷினுக்குப் பொட்டு வச்சா குத்தம். நீ சொல்லிக்குடுத்த மாதிரியே மொதல்ல புரோகிராம நிப்பாட்டிட்டு, பொறவுதான் அணைச்சேன்.”

தட்டை அவள் பக்கம் நீட்டினார்.

“தம்பி பேருல அர்ச்சனை பண்ணியிருக்கோம். வந்துருவான், பாரேன்.”

யாரைத் திட்டுவது? அந்த மனிதர் கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. “இன்னிக்கித் தொடக்கூடாது புள்ள” என்று அவர் தடுக்கத் தடுக்கக் கொம்பியூட்டரைப் போட்டாள். லொக் ஃபைலைத் தேடினாள். புதிதாக ஒன்று, காலியாக இருந்தது.

டிஸ்கில் இப்போது இடம் தாராளமாகக் கிடந்தது.