நாலாத் தண்ணி ஐஸ்

ரீத்தாவுக்கு வயிறு எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்? அந்தமான் மாயாபந்தரில் அவள் தெருவுக்கு மேலே ஒருத்தன் பன்றிக் கொட்டகை போட்டு, கழிவையெல்லாம் நாலாவில் திறந்துவிட்டிருந்தான். அந்த ஓடைத் தண்ணீரைத்தான் தெரு முழுக்கக் குடிக்கிறது. அவள் புருஷன் ஜெரால்ட் மஞ்சள்காமாலையில் சுருண்டு கிடந்தான். தண்ணீர் கெட்டுப்போச்சு என்று சர்க்கார் எழுதித் தந்தால்தான் கொட்டகையை மூட முடியும். சோதிக்க வருகிற மகராசன்களோ கொட்டகைக்கும் மேலே, ஜீப் நிற்கிற பாலத்தடியில் மொண்டுகொண்டு போவார்கள். சுத்தமான தண்ணீர் என்று ரிப்போர்ட் வரும்.

மல்லுக்கட்டி அவர்களிடம் ஒரு பாட்டில் வாங்கினாள். "நீங்களே பிடிச்சு, ஐஸ்ல வச்சு, போர்ட் பிளேர் லேபுக்குக் கொண்டு போங்க" என்றார்கள். மீன்பிடிக்கிற குடும்பத்தில் ஐஸ்பெட்டிக்கா பஞ்சம்? கொட்டகைக்குக் கீழே பிடித்துப் பெட்டியில் வைத்தாள். ஆபீசுக்கு வெறுங்கையோடு போகிற வழக்கம் அவர்கள் வீட்டில் கிடையாது. பாட்டிலுக்குப் பக்கத்திலேயே ஒரு பெரிய சீலா மீனையும் படுக்கவைத்து பஸ் ஏறினாள்.

மீனைப் பார்த்ததும் லேப் அதிகாரி சந்திரசேகருக்கு வாயெல்லாம் பல். பியூன் அழகையாவைக் கூப்பிட்டு, வீட்டில் கொடுத்துவிட்டு வரச் சொன்னார். அப்புறம்தான் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தார்.

"இது செல்லாதும்மா. ஐஸ் கரைஞ்சு மூடி வழியா உள்ளே போயிருக்கு. எந்தத் தண்ணியில செஞ்ச ஐஸோ, என்ன கிருமியோ."

"எங்க நாலாத் தண்ணிதான் சார். ஐஸ் ஃபேக்டரியும் கொட்டகைக்குக் கீழதான் இருக்கு."

"அப்ப ஐஸே அழுக்கு. இதை வச்சு நான் எப்படி டெஸ்ட் பண்ண? வேற பிடிச்சுட்டு வாங்க."

படுத்துக் கிடக்கிற ஜெரால்டின் மஞ்சள் கண் அவளுக்கு ஞாபகம் வந்தது.

"ஐஸ் அழுக்குன்னு நீங்களே சொல்றீங்களா சார்?"

"ஆமாம்மா, அழுக்குதான்."

"அதே ஐஸ்லதான் மீனும் கிடந்துச்சு."

சந்திரசேகர் முகம் செத்துப்போனது. வாசல் வரைக்கும் ஓடினார். "அழகையா, ருக்கோ! அதை வீட்டுக்குக் கொண்டு போகாத. குப்பையில போடு."

ரீத்தா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"போடுங்க சார். உங்க வீட்டுக்குள்ள ஒரு மீன்கூட நுழையக் கூடாது. எங்க வீட்டுக்குள்ள குடம் குடமா வருதே, அது பரவால்லையா? எதுக்காக அந்த மீனைக் குப்பையில போட்டீங்கன்னு எழுதி சீல் வச்சுத் தாங்க. அது கைக்கு வராம நான் பஸ் ஏற மாட்டேன்."