நீலத் துணியின் ஓரம்

ஏழாவது தடவையும் தப்பு என்று சொல்லிவிட்டது கம்ப்யூட்டர். அதற்குக் கீழே, பாஸ்வேர்டு மறந்தால் உதவட்டும் என்று அப்பா சிவசாமி எழுதி வைத்திருந்த குறிப்பு பல்லிளித்தது: 'எனக்குத் தெரியும்.'

வீட்டோடு ஒட்டியிருந்த அப்பாவின் ஸ்டூடியோ தீப்பெட்டியைவிட ஒரு சுற்றுதான் பெரிசு. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அனுசுயா உள்ளே அவிந்துகொண்டிருந்தாள். வாசலில் பறை காதைப் பிளந்தது. நாலு மணிக்கு அப்பாவை எடுக்க வேண்டும். அதற்குள் கண்ணீர் அஞ்சலி அடிக்க முத்துப்பேட்டை பேனர் கடைக்கு அவர் படம் போயாக வேண்டும்.

முப்பது வருஷமாக ஊரில் கைக்குழந்தை முதல் காளைமாடு வரை ஒன்று விடாமல் படமெடுத்த மனிதருக்கு வீட்டில் ஒரு படம் கிடையாது. கல்யாண ஆல்பத்தைப் புயல் வாரிக்கொண்டு போயிருந்தது. அனுசுயா அவருடைய ஆதார் அட்டையை நீட்டியதும் அம்மா எல்லையம்மாள் ஒப்பாரியையே நிறுத்திவிட்டாள்.

"அதுல ஆடு திருடி மாட்டுனவரு மாதிரி இருக்காருடி. அந்தப் பொட்டியில இல்லாத மூஞ்சியா? போய்த் தேடு." அட்டையைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

சித்தப்பா மகன் ராம்கி பென்டிரைவோடு குனிந்து நுழைந்தான்.

"அட்மினே பெரியப்பாதானேக்கா. அவரு வந்து மாத்திக் குடுத்தாத்தான்..." நாக்கைக் கடித்துக்கொண்டான். "இரு, பென்டிரைவ்ல ஆன் பண்ணி பழைய பாஸ்வேர்டை அழிச்சுப் பாக்குறேன்."

கறுப்புத் திரையில் எழுத்து எறும்பாக ஊர்ந்தது.

"அனுசுயா! வாய்க்கரிசி போட வா!" வாசலிலிருந்து யாரோ கத்தினார்கள்.

"வந்துட்டேன்!" என்றாள். நகரவில்லை.

ஒருவழியாகத் திறந்தது. பதினெட்டாயிரம் படங்கள். ஊரே நீலத் துணிக்கு முன்னால் விறைத்து உட்கார்ந்திருந்தது. ராம்கி தேடித் தேடிக் கண் சிவந்தான்.

"பெரியப்பா எங்கயுமே இல்லக்கா."

பென்ஷனுக்காக எடுத்த வேம்பு பாட்டியின் படத்தில் அனுசுயா நின்றாள். ஓரம் வெட்டாத படம். துணியின் இரு ஓரங்களிலும் இரண்டு கட்டைவிரல்கள். அடுத்த படத்திலும். அதற்கடுத்ததிலும். வீடு வீடாகப் போகும்போது துணியைப் பின்னால் பிடித்துக்கொண்டு நிற்பது அப்பா. பட்டனை அமுக்குவது அம்மா.

"கெடச்சுதா?" ஷட்டருக்கடியில் அம்மாவின் தலை.

அனுசுயா திரையைத் திருப்பினாள். எல்லையம்மாள் வெகுநேரம் பார்த்தாள்.

"வலது கை தாழ்ந்திருக்கு பாரு. எத்தன தடவ சொல்லியிருப்பேன், தூக்கிப் புடிங்கன்னு."

இடுப்பிலிருந்து ஆதார் அட்டையை உருவி ராம்கியிடம் கொடுத்தாள்.

"இதையே அனுப்பிடுப்பா."

வெளியே போனவள், வெள்ளைத் துணிக்கிழிசலால் சேர்த்துக் கட்டியிருந்த அந்தக் கட்டைவிரல்களை நெஞ்சின்மேல் கொஞ்சம் தூக்கி வைத்தாள்.